மாமா உட்கார்ந்த பெஞ்சு

சகோதரிகளே, ஒரு கேள்வி. நீங்கள் பிறந்து வளர்ந்த ஊரில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் டீ குடித்திருக்கிறீர்களா? பஸ் ஸ்டாண்டில் கணவரோடு அவசரமாகக் குடித்ததைக் கேட்கவில்லை. சொந்த ஊரில், சாவகாசமாக, நாலு பேர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு?

நான் குடித்ததில்லை. எனக்கு ஐம்பத்தேழு வயது. பிறந்தது திருப்பனந்தாள், வாக்கப்பட்டது சேலம். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவன் என் மகன்.

அவனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில்தான் இருப்பான். போன மாதம் ஒரு நாள் ராத்திரி போன் பண்ணினான். "அம்மா, பார்படோஸ்ங்கற தீவிலே இருக்கேன். இங்கே தெருவுக்குத் தெரு ரம் கடை. அதிலே ஒண்ணுலே உட்கார்ந்துதான் பேசறேன்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கப்பல்லே போய் இதைத்தான் கத்துக்கிட்டியா?" என்று பிடிபிடி என்று பிடித்துவிட்டேன். அவன் சிரிக்கிறான். தான் குடித்தது 'மாபி'யாம். ஏதோ மரப்பட்டையைப் பட்டை கிராம்போடு கொதிக்க வைத்துச் சர்க்கரை போட்டு ஆறவைப்பது. நம் நிலவேம்புக் கஷாயத்துக்கு வெல்லம் போட்ட மாதிரி, கசப்பும் தித்திப்புமாக இருந்ததாம்.

அந்தக் கடை எப்படி இருக்கும் என்று அவன் சொன்னதைக் கேட்க எனக்கே ஆசையாகிவிட்டது. பச்சை, மஞ்சள் என்று பெயின்ட் அடித்த சின்ன மரக் கட்டடம். ஒரு பக்கம் மளிகை. சோப்பும் உண்டு, அரிசியும் உண்டு. இன்னொரு பக்கம் நாலு ஸ்டூல். கிழவர்கள் டாமினோ கட்டைகளை மேஜையில் 'படார் படார்' என்று அடித்து ஆடுகிறார்கள். யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் கல்யாணம், கிரிக்கெட்டில் என்ன ஸ்கோர், எல்லாம் அங்கேதான். "டூரிஸ்ட் பஸ்ஸிலே போனா கடற்கரையைத்தான் காட்டுவான்மா. ஊரைப் பார்க்கணும்னா இங்கே வந்து உட்காரணும்" என்றான். அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டான். "நீ திருப்பனந்தாளை அப்படிப் பார்த்திருக்கியா?"

என்னவோ போங்கள், தூக்கம் போய்விட்டது! அடுத்த வாரமே கும்பகோணம் போய் இறங்கி, சோழபுரம் வழியாக அணைக்கரை போகும் பஸ்ஸில் ஏறினேன்.

* * *

பங்குனி ஆரம்பம். சம்பா அறுப்பு முடிந்து வயலெல்லாம் தாளடியாகக் கிடந்தது. ரோட்டோரம் நெல்லைக் கொட்டித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள்.

ஊரில் எனக்கு மிச்சம் இருப்பது அத்தை ஒருத்திதான். அப்பாவின் அக்காள். எழுபத்தெட்டு வயது. உள்ளூரிலேயே வாக்கப்பட்டவர். மாமா போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் வெளியூரில். "சேலத்திலே இருந்து டீ குடிக்கவா பாப்பா வந்தே?" என்று அத்தை கேட்டபோது, எனக்கே கொஞ்சம் அசட்டுத்தனமாக இருந்தது. ஆனால் பக்கத்திலே வந்து உட்கார்ந்து, "நானும் வரட்டுமா?" என்றார்.

"நீங்களா அத்தை?"

"உங்க மாமா நாப்பத்திரண்டு வருஷம் தினம் அஞ்சு மணிக்கு எழுந்து அந்தக் கடைக்குப் போனாரு. வீட்டிலே பித்தளை பில்டரிலே டிக்காஷன் இறங்கிக்கிட்டே இருக்கும். அதை விட்டுட்டுப் போவாரு. அங்கே அப்படி என்னதான் இருக்குன்னு நான் ஒரு நாளாவது பார்க்க வேண்டாமா?"

முதலில் கோயிலுக்குப் போனோம். அத்தை கோயிலுக்குப் போகாமல் வேறெங்கும் போகமாட்டார். செஞ்சடையப்பர் கோயில் மேற்குப் பார்த்த சந்நிதி. தல விருட்சம் பனை. ஊர்ப் பெயரிலேயே பனை இருக்கிறதல்லவா? தாடகை என்கிற பெண் மாலை சாத்தும்போது புடவை நெகிழ்ந்துவிட, இரண்டு கையிலும் மாலை இருக்க, முழங்கையால் புடவையை இடுக்கிக்கொண்டு தவித்தாளாம். சுவாமியே தலையைச் சாய்த்துக் கொடுத்து மாலையை வாங்கிக்கொண்டார். கோயிலுக்குத் தாடகையீச்சரம் என்றே பெயர். சாய்ந்த லிங்கத்தை அரசன் யானை கட்டி இழுத்தும் நிமிர்த்த முடியவில்லை. கடைசியில் குங்கிலியக் கலய நாயனார் தம் கழுத்திலேயே கயிற்றைக் கட்டி இழுத்து நிமிர்த்தினார்.

இந்த நாயனார் கதையில் இன்னொரு பகுதி உண்டு. அது திருக்கடவூரில் நடந்தது. வீட்டில் குழந்தைகள் பட்டினி. மனைவி தாலியைக் கழற்றிக் கொடுத்து, "நெல் வாங்கி வாருங்கள்" என்று அனுப்புகிறாள். அவர் வழியில் குங்கிலிய மூட்டையைக் கண்டு, தாலியைக் கொடுத்து அதை வாங்கிக் கோயிலில் சேர்த்துவிடுகிறார். சுவாமி அன்றைக்கே வீட்டை நெல்லால் நிரப்பிவிட்டார் என்பது கதை. பிராகாரத்தில் வரும்போது அத்தை மெதுவாகச் சொன்னார்: "அவர் குங்கிலியம் வாங்கினாரு, சுவாமி பார்த்துக்கிட்டாரு. நம்ம தெருவிலே தாலி போன வீட்டிலே எல்லாம் யார் வந்து நெல்லைக் கொட்டினாங்க?"

அத்தை யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்து வீட்டு அக்காள். 1981-ல் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மறுபடி திறந்தபோது எனக்கு விவரம் தெரிகிற வயது. அதற்கு முன் 1971-ல் ஒரு தடவை திறந்து, 1974-க்குள் மூடியிருந்தார்கள். 1987 ஜனவரி முதல் தேதியோடு மறுபடி மூடினார்கள். அந்த ஆறு வருஷத்துக்குள் அந்த அக்காள் வீட்டில் அண்டா, குண்டான், தோடு, கடைசியில் தாலிக் குண்டு எல்லாம் போயின. கள்ளுக்கு அன்றைக்கு வந்த தடை இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் 2003-லிருந்து அரசாங்கமே சீமைச் சரக்கைச் சில்லறையாக விற்கிறது. பனை மரத்தில் இறங்குவது குற்றம், பாட்டிலில் வருவது வியாபாரம். இது எந்த ஊர் நியாயமோ!

மகன் சொன்ன தீவுகளுக்கும் நம் சீமைக்கும் சம்பந்தம் இல்லாமல் இல்லை. கிழக்கே கடற்கரையில் இருக்கிறதே காரைக்கால், அங்கிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் நம் ஜனங்களைப் பிரெஞ்சுக்காரர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். 1848-ல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் இல்லை. 1853-ல் முதல் கப்பல் மார்த்தினிக் தீவில் இறங்கியது; 1854 கடைசியில் குவாதலூப்பில். இன்றைக்கும் அந்தத் தீவுகளில் மாரியம்மன் கும்பிடு உண்டு. மசாலா அரைத்து வைக்கும் குழம்புக்குக் 'கொலம்போ' என்று பெயர். கரும்பு இருந்தால் ரம் இருக்கும். சம்பளம் வாங்கிய கையோடு ஆம்பிளைகள் எந்தக் கடையில் நுழைந்தார்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்டுகள் எந்த வாசலில் காத்திருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டுமா? மகன் வர்ணித்த பச்சை மஞ்சள் கடையைக் கேட்டு எனக்கு ஆசை வந்தது நிஜம். அதன் வாசலையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

* * *

டீக்கடைக்கு வருகிறேன். மறுநாள் காலை ஐந்தரை மணி. அத்தை வாயில் புடவை எடுத்துக் கட்டி, விபூதி இட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி!

கடை ரொம்பச் சின்னது. பாய்லரில் சாம்பிராணிப் புகை. சுவாமி படங்களுக்குச் சரம். கண்ணாடிப் பெட்டிக்குள் பொறை, வெட்டு கேக், முறுக்கு. பக்கத்து அடுப்பில் மசால் வடை. டீ மாஸ்டருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். துணிப் பையில் தூளைப் போட்டு டிக்காஷனை இழுக்கிறார், பாலை ஊற்றுகிறார், கை உயரத்துக்குத் தூக்கி ஆற்றுகிறார். ஒரு சொட்டு கீழே விழவில்லை. நம் வீட்டில் நாம் இப்படி ஆற்றினால் மேடையெல்லாம் துடைக்க வேண்டியிருக்கும்.

நாங்கள் போனதும் பேச்சு நின்றுவிட்டது. பெஞ்சில் இருந்த ஐந்து பேரும் எழுந்து நின்றார்கள். ஒருவர், "அம்மா, பார்சலா? வீட்டுக்கே கொடுத்து அனுப்பறோமே" என்றார். "இல்லை தம்பி, உட்கார்ந்து குடிக்க வந்தோம்" என்றார் அத்தை. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு பெரியவர் தோளில் இருந்த துண்டால் பெஞ்சைத் தட்டிக் கொடுத்தார்.

இரண்டு நிமிஷம்தான். அப்புறம் எங்களை மறந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள். அடடா, அந்தப் பேச்சு! மேட்டூரில் தண்ணீர் எத்தனை அடி? நூற்றிருபது அடி முழுக் கொள்ளளவு. இப்போது இருப்பதை வைத்து ஜூன் 12-ம் தேதி திறப்பார்களா, குறுவைக்கு விதை வாங்கலாமா? கொள்முதல் நிலையத்தில் நெல்லில் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று திருப்பிவிட்டார்களாம்; ராத்திரிப் பனியில் நனைந்த நெல்லை எந்த ரோட்டில் காயப்போடுவது? யாருடைய பெண்ணுக்கு மடத்துக் கல்லூரியில் இடம் கிடைத்தது, யார் வீட்டுப் பசு சினை பிடிக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் எனக்கு ஊர் தெரிந்துவிட்டது. பதினெட்டு வயது வரை இதே ஊரில் வளர்ந்தேன், இதில் கால்வாசி கூட எனக்குத் தெரியாது. இந்தப் பேச்செல்லாம் வீட்டு வாசல் வரை வந்து, அங்கேயே செருப்போடு கழற்றிப் போடப்பட்டிருக்கிறது!

எல்லாம் இனிமையான பழசு என்று சொல்லமாட்டேன். என் சின்ன வயசில் இந்தப் பக்கத்து டீக்கடைகள் பலவற்றில் வயல் வேலை செய்கிறவர்களுக்குத் தனி கிளாஸ் இருந்தது. ஆணியில் மாட்டியிருக்கும். அவர்களே எடுத்து, அவர்களே கழுவி, பெஞ்சில் உட்காராமல் தரையில் குந்திக் குடிக்க வேண்டும். சில இடத்தில் கொட்டாங்கச்சி. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போகும்போது பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதற்கு, "நட பேசாம" என்றார். இப்போது எல்லோருக்கும் ஒரே கண்ணாடி கிளாஸ்தான். அன்றைக்கு எங்கள் எதிரே நாற்று வேலைக்குப் போகிற இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். பெஞ்சில் இடம் இருந்தும் உட்காரவில்லை. அத்தை நகர்ந்து, "வாங்கம்மா, இப்படி" என்று இழுத்து உட்கார வைத்தார். அதில் ஒருத்தி வெறும் வயிற்றோடு டீயும் ஒரு பொறையும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள். பகல் ஒரு மணிக்குத்தான் சோறாம்.

இளம் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இரத்தசோகை இருப்பதாகத் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. டீயிலும் காபியிலும் உள்ள துவர்ப்புச் சத்து, நாம் சாப்பிடும் கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்பு உடம்பில் சேராமல் தடுத்துவிடும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கவே விழுங்காதீர்கள். எலுமிச்சம்பழத் தண்ணீரோடு விழுங்கினால் நன்றாகச் சேரும். இதை நான் அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். "சரிக்கா" என்றாள். பசிக்கு டீதானே சுலபமாகக் கிடைக்கிறது என்று அவள் சொல்லவில்லை; முகம் சொல்லிற்று.

* * *

மாஸ்டர் எங்களுக்கு டீ கொண்டுவந்து வைத்தார். அத்தையை அப்போதுதான் சரியாகப் பார்த்தார் போலிருக்கிறது. கையில் இருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம ஐயா வீட்டு அம்மாதானே?" என்றார். ஐயா உட்காருகிற இடம் இதுதான் என்று, பாய்லருக்குப் பக்கத்தில் சுவரோரமாக இருந்த பெஞ்சின் கோடியைக் காட்டினார். சுவரில் தலை சாய்ந்து சாய்ந்து ஒரு வட்டம் எண்ணெய்க் கறை. வெள்ளையடித்தும் போகவில்லையாம். அத்தை எழுந்து போய் அந்தக் கோடியில் உட்கார்ந்தார்.

மாஸ்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஐயாவுக்கு ஸ்ட்ராங்கா, சர்க்கரை தூக்கலா இருக்கணும். மூணு ஸ்பூனுக்குக் குறைஞ்சா, 'என்னடா, கஷாயமா?'ன்னு திருப்பி அனுப்பிடுவாரு. காலையிலே ரெண்டு கிளாஸ், சாயங்காலம் ஒண்ணு. கூட ஒரு வெட்டு கேக். கடைசி மாசம் வரைக்கும் அதிலே மாத்தமே இல்லேம்மா!"

எனக்குப் பகீர் என்றது. மாமாவுக்கு இருபது வருஷம் சர்க்கரை வியாதி. அத்தை வீட்டில் அந்த இருபது வருஷமும் வெல்லம் என்கிற வாசனையே கிடையாது. பொங்கலன்றைக்குக்கூட வெண்பொங்கல்தான். காலையில் பாகற்காய்ச் சாறு, ராத்திரி கேழ்வரகு ரொட்டி, அளந்து வைத்த சோறு, சர்க்கரை போடாத காபி. அப்படியும் சர்க்கரை இறங்காது. டாக்டர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார், அப்புறம் ஊசி. காலில் புண் வந்து ஆறவில்லை. கடைசியில் சிறுநீரகம் போயிற்று. பதினாறாம் நாள் காரியத்தில், மாமாவின் தங்கை கூடத்தில் நாலு பேர் நடுவே, "அண்ணனுக்குப் பத்தியமா ஆக்கிப் போட ஆள் இல்லாமத்தானே இப்படி ஆச்சு" என்று அழுதார். அத்தை அப்போது அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அத்தை ஒன்றும் பேசவில்லை. பதினொரு வருஷமாக ஒன்றும் பேசவில்லை.

இப்போதும் பேசவில்லை. விரலை மடக்கி எண்ணினார். "மூணும் மூணும் மூணும் ஒன்பது" என்றார். ஒரு நாளைக்கு ஆறு டீஸ்பூனுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுவது சர்க்கரை வியாதி இல்லாதவர்களுக்கே. இவருக்கு ஒன்பது; வெட்டு கேக் தனி.

மாஸ்டர் முகம் வாடிவிட்டது. ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று புரிந்திருக்கிறது. "அம்மா, எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, ஐயா சொல்லவே இல்லையே" என்றார். சத்தியமாக அவர் மேல் தப்பில்லை. கேட்டதைக் கொடுத்தார்.

"உங்களை யார் சொன்னா தம்பி?" என்றார் அத்தை. பிறகு, "அவருக்குப் போடற மாதிரியே எனக்கு ஒண்ணு போடுங்க" என்றார்.

மூன்று ஸ்பூன் சர்க்கரை. மாஸ்டர் தயங்கித் தயங்கிக் கொண்டுவந்தார். அத்தை இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்து ஊதி ஊதிக் குடித்தார். பாதி குடித்ததும் நிறுத்தி, "இவ்வளவு தித்திப்பா!" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகிறாரா என்று பயந்து கையைப் பிடித்தால், சிரிக்கிறார். "திருட்டு மனுஷன்! வீட்டுக்கு வந்து என் காபியைக் குடிச்சுட்டு, 'சர்க்கரை இல்லாமயே பழகிடுச்சு'ன்னு சொல்லுவாரு பாப்பா. தினம் சொல்லுவாரு."

மீதியைக் குடிக்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் அந்தக் கறை இருந்த இடத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டார். பெஞ்சில் இருந்தவர்கள் மறுபடி மேட்டூருக்குப் போய்விட்டார்கள்.

வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் இருந்தால், சமையலறையை மட்டும் காவல் காத்துப் பிரயோஜனமில்லை என்று எனக்கு அப்போது தோன்றிற்று. வெளியில் என்ன சாப்பிடுகிறார் என்பதைச் சண்டை போடாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வழி வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை இருக்கிறது, அதைக் கேட்டு எடுங்கள். பரிசோதனைக்கு முந்தின நாள் மட்டும் பத்தியம் இருந்து டாக்டரை ஏமாற்றுகிற கதை அதில் நடக்காது. மாமா அந்த வித்தையில் கெட்டிக்காரர் என்பது இப்போது புரிகிறது.

எழுந்து வரும்போது அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு கொடுத்தார். மாஸ்டர் வாங்கமாட்டேன் என்றார், அத்தை விடவில்லை. வழியில் மண்ணியாற்றுப் பக்கம் திரும்பும் இடத்தில் ஒருவர் சைக்கிளில் பதநீர் கொண்டுவந்தார். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் புளிக்காமல் பதநீர், தடவாவிட்டால் கள். ஒரே மரம், ஒரே பாளை. அத்தையிடம் "வேணுமா?" என்றேன். "போதும்டி, இன்னிக்கு இனிப்பு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் போனை வாங்கி, நம்பர் போட்டுத் தரச் சொன்னார். யாருக்கு என்று கேட்டேன். மாமாவின் தங்கைக்கு. கூடத்தில் நின்றுகொண்டு, கடையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். குரலில் கோபமே இல்லை. மூன்றும் மூன்றும் மூன்றும் ஒன்பது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். அந்தப் பக்கத்தில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் என்ன சொன்னார்களோ, அத்தை "சரி, விடு" என்று போனை என்னிடம் நீட்டினார்.

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று காலை, எனக்கு முன்னால் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறதே அத்தை என்றேன்.

"பஸ்ஸுக்கு யார் கிளம்பினா? மேட்டூர்லே இன்னிக்கு எத்தனை அடின்னு தெரிய வேண்டாமா? வா. எனக்கு அரை ஸ்பூன் போதும்னு மாஸ்டர்கிட்டே நீயே சொல்லு."